84 மாடல் புல்லட், கிக்கர் அசையவே இல்லை: எஞ்சினை இறக்கித்தான் ஆகணுமா?

மானாமதுரை350
எல்லாருக்கும் வணக்கம். பெரியப்பா ஓட்டிக்கொண்டிருந்த 1984 மாடல் புல்லட் 350 என் கைக்கு வந்திருக்கிறது. அவருக்கு முட்டி தேய்ந்துபோன பிறகு வண்டியை யாரும் எடுக்கவில்லை. மாட்டுக்கொட்டகையை ஒட்டிய சாய்ப்பில் தார்ப்பாய் போர்த்தி பத்து வருஷத்துக்கு மேல் நின்றுவிட்டது. ஆர்.சி. புத்தகமும் சாவியும் இருக்கின்றன.

நிலைமை இதுதான். டயர் இரண்டும் வெடிப்பு விட்டுப்போச்சு. டேங்குக்குள் டார்ச் அடித்தால் ஒரே துரு. கிக்கர் ஒரு இஞ்ச் கூட இறங்க மாட்டேன் என்கிறது. உள்ளூர் மெக்கானிக் ஒருவர் வந்து பார்த்தார். பிளக்கைக்கூடக் கழற்றவில்லை. எஞ்சினை இறக்கணும், கிராங்க் பிரிக்கணும், போர் அடிக்கணும் (சிலிண்டரின் உள்சுவரைக் கடைந்து பெரிசாக்கணும்), 45,000 ரூபாய் எடுத்து வையுங்கள் என்று சொல்லிவிட்டு டீ குடித்துக் கிளம்பிவிட்டார்.

எனக்கு ஓரளவு ஸ்பேனர் பிடிக்கத் தெரியும். வீட்டிலேயே செய்ய ஆசை. எஞ்சினை இறக்கித்தான் ஆகணுமா? இன்னொன்று, ஆயில் டிப்ஸ்டிக்கில் ஒரு சொட்டு கூட ஒட்டவில்லை. எத்தனை லிட்டர் ஊற்றலாம்?

ஸ்டார்ட்_ஆகல
முதலில் சைலன்சருக்குள்ளும் ஏர் ஃபில்டர் டப்பாவுக்குள்ளும் பாருங்க ப்ரோ. கொட்டகைப் பக்கம் நின்ற வண்டி என்றால் எலி குடும்பம் நடத்தியிருக்கும்.

கருப்பு_டேப்பட்
தம்பி, ஆயில் ஒரு சொட்டுகூட ஊற்றாதீர்கள். முதல் வேலை அதுதான்.

புல்லட் எஞ்சினில் ஆயில் டேங்கும், பிஸ்டனோடு சேர்ந்து சுற்றுகிற கிராங்க் இருக்கும் அறையும் ஒரே வார்ப்புக்குள் இருந்தாலும் இரண்டும் தனித்தனி அறை. ஒரு பம்ப் டேங்கிலிருந்து ஆயிலை எடுத்துக் கிராங்குக்கு அனுப்பும், இன்னொன்று கீழே வடிந்ததைத் திருப்பி ஏற்றும். வண்டி வருஷக்கணக்கில் நின்றால் பம்ப் வழியாக ஆயில் மெல்லக் கசிந்து கிராங்க் அறைக்குப் போய்விடும். டிப்ஸ்டிக் இருப்பது டேங்கில். அது காய்ந்திருக்கிறது என்றால் ஆயில் வற்றிவிட்டது என்று அர்த்தமில்லை, இடம் மாறியிருக்கிறது. அது தெரியாமல் மேலே இரண்டு லிட்டர் ஊற்றினால், ஸ்டார்ட் ஆன அன்றைக்கு பிரீதர் (எஞ்சின் மூச்சு விடுகிற குழாய்) வழியாகவும் சைலன்சர் வழியாகவும் அவ்வளவும் வெளியே வரும். தெருவே புகையாகும், பக்கத்து வீட்டுக்காரர் ஃபயர் சர்வீசுக்குப் போன் போடுவார்.

அடியில் இருக்கும் டிரெய்ன் பிளக்குகளைக் கழற்றி இரண்டு அறையையும் காலி பண்ணுங்கள். வருகிற ஆயிலை வெள்ளைத் துணியில் ஊற்றிப் பாருங்கள். மினுமினு என்று உலோகத் தூள் தெரிந்தால்தான் எஞ்சினை இறக்குவது பற்றிப் பேசணும். தண்ணீர் தெரிந்தால் பரவாயில்லை, நின்ற வண்டியில் அது வரும்.

அடுத்து கிக்கர். நியூட்ரலில் வைத்து, கிளட்சைப் பிடித்துக்கொண்டு கிக்கரைக் கையால் அமுக்குங்கள். இறங்கினால் கியர் பாக்ஸ் நல்லா இருக்கிறது, இறுகியது எஞ்சின். இறங்காவிட்டால் எதையும் முடிவு பண்ண முடியாது, ஏனென்றால் கிளட்ச் பிளேட்டும் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கலாம். காலால் மட்டும் மிதிக்காதீர்கள். கிக்கர் பல் உடைந்தால் அது தனிச் செலவு.

பீளமேடு_லேத்
கருப்பு அண்ணன் சொன்னதோடு சேர்த்து ஒன்று. பிளக்கைக் கழற்றி அந்த ஓட்டை வழியாகப் பாதி டீசல் பாதி எஞ்சின் ஆயில் கலந்து ஒரு டம்ளர் அளவு ஊற்றி விடுங்கள். தினமும் கொஞ்சம் சேருங்கள். அவசரப்பட வேண்டாம்.

ஊறிய பிறகு கிக்கரிடம் போகாதீர்கள், பின்சக்கரத்திடம் போங்கள். வண்டியை சென்டர் ஸ்டாண்டில் ஏற்றி, நாலாவது கியரில் போட்டு, சக்கரத்தை இரண்டு கையாலும் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டுங்கள். டாப் கியரில்தான் சக்கரத்தின் விசை கிராங்குக்கு அதிகமாகப் போகும். முதல் கியரில் ஆட்டினால் கை வலிக்கும், எஞ்சின் அசையாது. கியர் விழவில்லை என்றால் சக்கரத்தை லேசாக அசைத்துக்கொண்டே பெடலை அமுக்குங்கள்.

பிளக் ஓட்டை வழியாகக் கம்பி விட்டுச் சுத்தியலால் தட்டு என்று ஒரு யோசனை எங்கேயாவது வரும். கேட்காதீர்கள். பிஸ்டன் அலுமினியம்.

வண்டிக்காரி_திருச்சி
நான் ஊறவைக்க ஏடிஎஃப் (ஆட்டோமேட்டிக் கியர்) ஆயிலையும் அசிடோனையும் கலந்துதான் பயன்படுத்துவேன். டீசலைவிட நன்றாக உள்ளே இறங்கும்.

பீளமேடு_லேத்
இறங்கும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் மானாமதுரையில் ராத்திரி அசிடோனுக்கு எங்கே போவார்? டீசல் மூலைக்கு மூலை கிடைக்கிறது. பொறுமைதான் மருந்து, திரவம் இரண்டாவது.

மானாமதுரை350
அண்ணன்மாருக்கும் அக்காவுக்கும் நன்றி. டிரெய்ன் பண்ணினேன். முதலில் கொஞ்சம் தண்ணீர், அப்புறம் தார் நிறத்தில் ஆயில். நீங்கள் சொன்னது போல் முக்கால்வாசி கிராங்க் அறையிலிருந்துதான் வந்தது. துணியில் தூள் எதுவும் தெரியவில்லை. ஊறவைத்திருக்கிறேன், சக்கரம் இன்னும் அசையவில்லை.

காத்திருக்கும் நேரத்தில் டேங்கைப் பார்க்கலாம் என்று நினைக்கிறேன். ஜல்லி போட்டுக் குலுக்கச் சொல்கிறார்கள். செய்யலாமா?

ஸ்டார்ட்_ஆகல
செய்யலாம். அப்புறம் ஆயுசுக்கும் பெட்ரோலோடு ஜல்லியும் போட்டு ஓட்டலாம்.

வண்டிக்காரி_திருச்சி
ஜல்லி வேண்டாம் தம்பி. உள்ளே மடிப்பில் போய்ச் சிக்கினால் எடுக்க முடியாது. குலுக்கித்தான் ஆகணும் என்றால் பழைய செயின் ஒன்றைக் கயிற்றில் கட்டிப் போடுங்கள், கயிற்றைப் பிடித்து வெளியே இழுத்துவிடலாம். ஆனால் அதைவிட நல்ல வழி மின்பகுப்பு, அதாவது சோடாத் தண்ணீரில் மின்சாரம் விட்டுத் துருவை எடுப்பது. வீட்டிலேயே செய்யலாம், பெயின்ட்டுக்கும் சேதமில்லை.

முதலில் டேங்கைச் சோப்புத் தண்ணீர் விட்டு, பெட்ரோல் வாசனை அறவே போகும்வரை அலசுங்கள். இதைத் தாண்டிப் போகாதீர்கள். பெட்ரோல் ஆவி மிஞ்சிய டேங்கின் பக்கத்தில் மின்சாரம் வேண்டாம். பெட்ரோலைத் திறந்து மூடுகிற காக் குழாயைக் கழற்றி ஓட்டையை அடைத்து, கழுத்துவரை தண்ணீர் நிரப்பி, லிட்டருக்கு ஒரு தேக்கரண்டி சலவைச் சோடா கரையுங்கள். பலகாரத்துக்குப் போடுகிற சோடா இல்லை, துணி துவைக்கிற சோடா.

ஒரு கட்டுக்கம்பியை மூடி ஓட்டை வழியாக உள்ளே தொங்க விடணும். அது டேங்கின் சுவரில் எங்கேயும் தொடக் கூடாது. சைக்கிள் டியூபை வெட்டி ஓட்டையின் விளிம்பில் வைத்தால் தொடாது. 12 வோல்ட் பேட்டரி சார்ஜரின் பாசிட்டிவை அந்தக் கம்பிக்கும், நெகட்டிவை டேங்குக்கும் கொடுங்கள். மாற்றிக் கொடுத்தால் டேங்கே கரையும், அதனால் இரண்டு தடவை பாருங்கள். கம்பியில் நாகமுலாம் இருக்கக் கூடாது, ஸ்டெயின்லெஸ் ஸ்டீலும் கூடாது. ஸ்டீலிலிருந்து குரோமியம் கரைந்து தண்ணீர் விஷமாகும்.

ஸ்விட்ச் போட்டதும் டேங்குச் சுவரிலிருந்து பொடிப்பொடியாகக் குமிழி வரும். அது ஹைட்ரஜன். திறந்த வெளியில் செய்யுங்கள், பக்கத்தில் பீடிகூடக் கூடாது. கிளிப்பைக் கழற்றும் முன் ஸ்விட்சை அணையுங்கள், பொறி பறக்கக் கூடாது. சில மணி நேரத்துக்கு ஒரு முறை கம்பியை எடுத்துப் பார்த்தால் ஆரஞ்சு நிறச் சேறு அப்பியிருக்கும், சுரண்டிவிட்டுத் திரும்பத் தொங்கவிடுங்கள். கம்பி கிடு கிடு என்று மெலிந்துகொண்டே போகும், டேங்குக்குள் கறுப்பாகி வரும். அந்தக் கறுப்பு வந்துவிட்டால் வேலை முடிந்த மாதிரி.

இன்றைக்கு விற்கும் ஸ்மார்ட் சார்ஜர் இதற்கு ஒத்துழைக்காது. பேட்டரி இல்லை என்று நினைத்து நின்றுவிடும். டிரான்ஸ்ஃபார்மர் வைத்த பழைய மாடல் சார்ஜர் வேண்டும்.

திருவொற்றியூரான்
அக்கா சொன்னது அருமை. தண்ணீரைக் கொட்டியதும் காய வைக்கிறேன் என்று வெயிலில் வைத்துவிட்டு வெளியே போய்விடாதீர்கள் தம்பி. வெறும் இரும்பு ஒரு மணி நேரத்தில் மறுபடி சிவக்கும். அலசி, ஹேர் டிரையரால் ஊதி, உடனே பெட்ரோலில் கொஞ்சம் 2டி ஆயில் கலந்து உள்ளே எல்லா மூலைக்கும் புரட்டிவிடுங்கள்.

அப்புறம், டேங்குக்குள் எபாக்சி கோட்டிங் அடிக்கச் சொல்லி யாராவது வருவார்கள். ஓட்டை இல்லாத டேங்குக்கு அது வேண்டாம்.

பீளமேடு_லேத்
அதில் எனக்கு உடன்பாடில்லை. 2022-லேயே பெட்ரோலில் எத்தனால் பத்து சதவீதம், 2025-ல் இருபது. எத்தனால் காற்றிலிருந்து ஈரம் இழுக்கும். தினமும் ஓடும் வண்டி என்றால் சரி. இவர் வண்டி மாதம் ஒரு தடவை வெளியே வரப்போகிறது. கோட்டிங் இல்லாத டேங்க் இரண்டு மழைக்காலம் தாங்குமா?

திருவொற்றியூரான்
கோட்டிங் உரிந்து பாளமாகக் கார்புரேட்டருக்குள் வந்த வண்டிகளைப் பார்த்திருக்கிறேன். பழைய கோட்டிங்குக்கு எத்தனாலே பகை. டேங்கை நிறைத்து வைத்தால் ஈரத்துக்கு இடமில்லை. அதோடு விடுங்கள்.

கருப்பு_டேப்பட்
இரண்டு பேரும் சரி. எத்தனால் தாங்கும் என்று டப்பாவிலேயே போட்ட கோட்டிங் என்றால் அடிக்கலாம், இல்லையென்றால் வேண்டாம். ஆனால் பெட்ரோல் டியூப், காக்கின் வாஷர், கார்புரேட்டர் ஓ ரிங், இந்த ரப்பர் எல்லாவற்றையும் மாற்றியே ஆகணும். 1984-ல் செய்த ரப்பருக்கு எத்தனால் என்றால் என்னவென்றே தெரியாது.

மானாமதுரை350
அசைந்துவிட்டது! காலையில் நாலாவது கியரில் சக்கரத்தை ஆட்டிக்கொண்டிருந்தேன், டக் என்று ஒரு சத்தம், அப்புறம் ஒரு விரற்கடை நகர்ந்தது. இன்னும் ஆயில் விட்டு ஆட்டி ஆட்டி இப்போது முழுச் சுற்று வருகிறது. பிளக் ஓட்டையில் விரலை வைத்துக் கிக்கரை அமுக்கினால் விரலைத் தள்ளுகிறது. போர் அடிக்க வேண்டாம் என்று எடுத்துக்கொள்ளலாமா?

பீளமேடு_லேத்
இப்போதைக்கு வேண்டாம். விரலைத் தள்ளுகிறது என்றால் பிஸ்டன் ரிங் முழுசாக ஒட்டிப்போகவில்லை. பிஸ்டன் கீழே இருக்கும்போது பிளக் ஓட்டையில் சின்ன டார்ச் விட்டுச் சுவரைப் பாருங்கள். ஒரே இடத்தில் பட்டையாகக் கறை இருந்தால் ரிங் நின்ற இடம். அது ஓடும்போது தேய்ந்து போகலாம். நகம் மாட்டுகிற அளவு பள்ளம் இருந்தால்தான் பிரச்சனை.

ஓட்டிப் பார்த்துவிட்டு, நீலப் புகை நிற்கவே இல்லை, ஆயில் குடிக்கிறது என்றால் அப்போது பேரலை (சிலிண்டரை) கழற்றிக் கொண்டு வாருங்கள். இந்த மாடலில் பேரல் வார்ப்பிரும்பு, 70 மில்லி போர், 90 மில்லி ஸ்ட்ரோக். படிப்படியாகப் பெரிசாகிற ஓவர்சைஸ் பிஸ்டன் இன்றும் கிடைக்கிறது. ஒருமுறை அடித்தால் ஒரு சைஸ் போச்சு, திரும்ப வராது. அதனால்தான் சொல்கிறேன், போர் அடிப்பது கடைசி வேலை. கடையில் அதை முதல் வேலையாகச் சொல்வார்கள், ஏனென்றால் அதில்தான் கூலி.

கருப்பு_டேப்பட்
டேப்பட்டையும் பார்த்துவிடுங்கள். எஞ்சின் ஆறியிருக்கணும். கம்ப்ரஷன் ஸ்ட்ரோக்கில் பிஸ்டன் உச்சியில் இருக்கும்போது பேரல் அடியில் இருக்கும் மூடியைத் திறங்கள். வால்வைத் தள்ளுகிற புஷ் ராடை இரண்டு விரலால் உருட்டினால் உருளணும், மேலும் கீழும் ஆட்டினால் ஆடக் கூடாது. இதற்கு ஃபில்லர் கேஜ் வேண்டாம், விரல் போதும். டிகம்ப்ரஷர் (எக்ஸாஸ்ட் வால்வைத் தூக்கி மிதியை லேசாக்கும் லிவர்) கேபிள் இறுக்கமாக இருந்தால் எக்ஸாஸ்ட் பக்கம் பொய் சொல்லும், கொஞ்சம் தளர்த்திவிட்டுப் பாருங்கள்.

மானாமதுரை350
டேப்பட் சரிசெய்தேன். டேங்க் உள்ளே கறுப்பாகிவிட்டது, அக்காவுக்குக் கோவில் கட்டலாம். புது ஆயில் 20டபிள்யூ50, இரண்டு லிட்டருக்குக் கொஞ்சம் மேல் பிடித்தது. கியர் பாக்ஸுக்குத் தனியாகப் பார்த்துக்கொண்டேன்.

இப்போது வேறு சிக்கல். புது 6 வோல்ட் பேட்டரி, புது பிளக். பிளக்கை ஹெட்டில் வைத்து கிக் பண்ணினால் ஸ்பார்க் இல்லை. பொறிக்கான கரண்டை அறுக்கிற பாயிண்ட் ஸ்விட்சை நானே புதுசாக மாட்டினேன். இக்னிஷன் காயில் போச்சா? ஆன்லைனில் 12 வோல்ட் பேட்டரியோடு எலக்ட்ரானிக் இக்னிஷன் கிட் ஒன்று பார்த்தேன், பாயிண்டைத் தூக்கிவிட்டு அதைப் போட்டால் தொல்லை தீருமா?

வண்டிக்காரி_திருச்சி
எதையும் வாங்காதீர்கள். ஹெட்லைட் மேலே அம்மீட்டர் இருக்கிறதே, அதைக் கேளுங்கள். சாவியைப் போட்டுவிட்டு, லைட் எல்லாம் அணைத்து, கிக்கரைக் கையால் மெதுவாக இறக்கிக்கொண்டே முள்ளைப் பாருங்கள். முள் என்ன செய்கிறது என்று சொல்லுங்கள்.

மானாமதுரை350
சாவி போட்டதும் மைனஸ் பக்கம் சாய்கிறது. கிக்கரை எவ்வளவு இறக்கினாலும் அங்கேயே நிற்கிறது.

வண்டிக்காரி_திருச்சி
அப்படியானால் காயில் மேல் பழி போடாதீர்கள். பாயிண்ட் மூடியிருக்கும்போது காயில் வழியாக கரண்ட் எர்த்துக்குப் போகும், முள் மைனஸில் சாயும். பாயிண்ட் திறந்ததும் கரண்ட் அறுந்து முள் நடுவுக்கு வரணும். அந்த அறுபடுகிற நொடியில்தான் பிளக்கில் பொறி. உங்கள் வண்டியில் முள் நடுவுக்கு வரவே இல்லை. பாயிண்ட் கண்ணுக்குத் திறக்கிறது, கரண்டுக்குத் திறக்கவில்லை.

பாயிண்டின் ஸ்ப்ரிங்கும் வயரும் சேர்கிற போல்ட்டைப் பாருங்கள். அங்கே பழுப்பு நிறத்தில் குட்டி ஃபைபர் வாஷர் இருக்கும். ஸ்ப்ரிங்கும் வயர் முனையும் ஒன்றையொன்று தொடணும், ஆனால் இரண்டும் போல்ட்டையோ தட்டையோ தொடக் கூடாது. வாஷர் வரிசை மாறினால் எப்போதும் எர்த். புதுசாக மாட்டிய பாயிண்டில் பாதிப் பேருக்கு இதுதான். அங்கே சரியாக இருந்தால் கண்டென்சர் ஷார்ட் ஆகியிருக்கலாம். அதன் வயரைக் கழற்றிவிட்டு முள்ளைப் பாருங்கள், உடனே தெரிந்துவிடும்.

முள் அசையவே அசையாமல் நடுவிலேயே நின்றிருந்தால் கதை வேறு. அப்போது பாயிண்ட் முகத்தில் படலம், அல்லது வழியில் எங்கேயோ வயர் அறுந்திருக்கிறது.

இன்னொன்று, பேட்டரியில் எந்த முனை எர்த் என்று பழைய வயரைப் பார்த்துத்தானே மாட்டினீர்கள்? பழைய பிரிட்டிஷ் வழி வயரிங்கில் பாசிட்டிவ் எர்த்தும் உண்டு.

மானாமதுரை350
வாஷரேதான். வெளியே இருக்க வேண்டியது உள்ளே இருந்தது. மாற்றியதும் முள் ஆட ஆரம்பித்தது. கேப் 0.4 மில்லி வைத்தேன். பிளக்கில் பொறி டிக் டிக் என்று நீலமாக வருகிறது. எர்த் பழைய மாதிரியே வைத்தேன் அக்கா.

ஸ்டார்ட்_ஆகல
எட்டாயிரம் ரூபாய் கிட் மிச்சம். எங்களுக்குப் பரோட்டா வாங்கிக் கொடுங்கள்.

திருவொற்றியூரான்
கிட் போடுகிறவர்களை நான் குறை சொல்லவில்லை. தினமும் வேலைக்கு ஓட்டுகிறவர் 12 வோல்ட்டுக்கு மாற்றினால் ஹெட்லைட்டாவது ஒழுங்காகத் தெரியும். ஆனால் காட்டுக்குள் நின்றுபோனால் பாயிண்டை ஒரு விசிட்டிங் கார்டால் துடைத்து வீட்டுக்கு வந்துவிடலாம். கிட் போனால் வண்டியைத் தள்ளணும். கிட்டை விற்கிறவர் அதைச் சொல்ல மாட்டார்.

கருப்பு_டேப்பட்
இனி ஸ்டார்ட் பண்ணுகிற முறை. இதைப் படிக்காமல் மிதிக்காதீர்கள், புல்லட் திருப்பி அடித்தால் கணுக்கால் எலும்பு போய்விடும்.

பெட்ரோல் திறந்து, சோக் போட்டு, சாவி இல்லாமல் டிகம்ப்ரஷரைப் பிடித்துக்கொண்டு நாலைந்து முறை மிதித்து ஆயிலைச் சுற்ற விடுங்கள். அப்புறம் சாவி. கிக்கரை மெதுவாக இறக்குங்கள், ஒரு இடத்தில் கெட்டியாகும். அம்மீட்டர் முள் நடுவுக்கு வரும். அங்கே நிறுத்தி, டிகம்ப்ரஷரைப் பிடித்து, இன்னும் கொஞ்சம், இரண்டு விரல் அளவு, கிக்கரை நகர்த்துங்கள். டிகம்ப்ரஷரை விடுங்கள். கிக்கரை முழுசாக மேலே வர விடுங்கள். இப்போது ஒரே மிதி, அடிவரை. பாதியில் காலை எடுக்கக் கூடாது. ஆக்சிலேட்டரைத் திருகிக்கொண்டே மிதிக்கவும் கூடாது.

ஓடினதும் முதல் வேலை, ஹெட்டில் வால்வை அமுக்குகிற ராக்கருக்குப் போகிற ஆயில் பைப்பைப் பார்ப்பது. ஐடிலில் வைத்து, அந்தப் பைப்பைப் பிடித்திருக்கும் பேஞ்சோ போல்ட்டை அரைச் சுற்று தளர்த்தினால் ஆயில் கசியணும். கசியாவிட்டால் உடனே அணையுங்கள்.

மானாமதுரை350
ஒரு தடவை கார்புரேட்டர் வழியாகப் படார் என்று தும்மியது. பிறகு பிடித்தது!! சோக் போட்டால் ஓடுகிறது, சோக்கை எடுத்தால் அணைகிறது. ஆயில் பேஞ்சோவில் நன்றாக வருகிறது. பெரியப்பா சத்தம் கேட்டு வெளியே வந்து, டைமிங் கொஞ்சம் முன்னாடி இருக்கு என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

பீளமேடு_லேத்
பெரியப்பா காது சரியான காது. பாயிண்ட் கழற்றி மாட்டியதில் டைமிங், அதாவது பொறி விழுகிற நேரம், நகர்ந்திருக்கும். பிளக் ஓட்டையில் மெல்லிய ஸ்கேல் விட்டு உச்சியைப் பிடியுங்கள், அங்கிருந்து எஞ்சினைப் பின்னால் திருப்பி 0.8 மில்லி கீழே வாருங்கள். பாயிண்டுக்கு நடுவில் சிகரெட் தாள் ஒன்றைச் செருகி லேசாக இழுத்துப் பிடித்தபடி பாயிண்ட் தட்டைத் திருப்புங்கள். தாள் வழுக்கி வெளியே வருகிற இடம்தான் பாயிண்ட் திறக்கிற இடம். அங்கே இறுக்குங்கள். வேகம் கூடும்போது பொறியை முன்னே தள்ளுகிற ஆட்டோ அட்வான்ஸின் ஸ்ப்ரிங் சுருங்கின நிலையில் இருக்கணும், கையால் திருகிவிட்டுப் பார்க்கக் கூடாது.

சோக் எடுத்தால் அணைவது பைலட் ஜெட் (ஐடிலுக்குப் பெட்ரோல் விடுகிற சின்ன ஜெட்) அடைப்பு. கார்புரேட்டர் மிக்கார்ப் விஎம்24 தானே? கிண்ணத்தைக் கழற்றி ஜெட்டை எடுத்து வெளிச்சத்தில் பிடியுங்கள், ஊசி முனை அளவு வெளிச்சம் தெரியணும். கிளீனர் அடித்து ஊதுங்கள். இரும்புக் கம்பி விடாதீர்கள், பித்தளை ஓட்டை பெரிசானால் ஜெட் வீண். ஏர் ஸ்க்ரூவை முழுசாக மூடி ஒன்றரைச் சுற்றுத் திறந்து அங்கிருந்து ஐடிலைப் பிடியுங்கள்.

மானாமதுரை350
இரண்டும் செய்தேன். ஐடில் நின்றுவிட்டது, தக் தக் தக் என்று எண்ணிக்கொண்டே இருக்கலாம். நீலப் புகை முதலில் நிறைய, இப்போது கிட்டத்தட்ட இல்லை. ஆனால் டைமிங் கவர் ஓரத்திலும் பேரல் அடியிலும் ஆயில் வியர்க்கிறது.

ஸ்டார்ட்_ஆகல
புல்லட்டில் ஆயில் கசியவில்லை என்றால்தான் கவலைப்படணும். உள்ளே ஆயிலே இல்லை என்று அர்த்தம்.

கருப்பு_டேப்பட்
ஜோக் நல்லதுதான், ஆனால் காரணம் இருக்கிறது. கிராங்க் அறையின் பிரீதர் முனையில் வாத்து வாய் மாதிரி ஒரு ரப்பர் இருக்கும். காற்றை வெளியே விடும், உள்ளே விடாது. அது கெட்டியாகிவிட்டால் உள்ளே அழுத்தம் கூடி எங்கெங்கே கேஸ்கெட் இளகியிருக்கிறதோ அங்கெல்லாம் ஆயில் வரும். கேஸ்கெட் மேல் பசை பூசுவதற்கு முன்னால் அந்த ரப்பரை மாற்றுங்கள். விலை சொற்பம்.

மானாமதுரை350
வாங்கிவிடுகிறேன் அண்ணா. உதிரிபாகத்துக்குச் சென்னை போகிறேன். அப்புறம் பெயின்ட். சேசிஸை முழுக்கக் கழற்றி கறுப்பு பவுடர் கோட்டிங், டேங்க் மேட் பிளாக், அலாய் வீல் என்று யோசனை.

திருவொற்றியூரான்
அய்யய்யோ. தம்பி, அந்த டேங்கின் பழைய தங்க நிறக் கோடுகளைப் பார்த்தீர்களா? திருவொற்றியூர் புல்லட் ஆலையில் அவற்றைத் தூரிகை பிடித்துக் கையால் போட்டார்கள். ஸ்டிக்கர் இல்லை. கிட்டப் போய்ப் பாருங்கள், கோடு வளைகிற இடத்தில் தடிமன் ஒரு மயிரிழை மாறும். பெயின்ட் முக்கால்வாசி நிற்கிறது என்றால் துரு இருக்கிற இடத்தை மட்டும் சுரண்டி, பாலிஷ் போட்டு விட்டுவிடுங்கள். மேட் பிளாக் புல்லட் ஊருக்கு ஆயிரம் இருக்கிறது.

பீளமேடு_லேத்
அது அவரவர் ரசனை, வண்டி அவருடையது. ஆனால் பவுடர் கோட்டிங்கில் இரண்டு விஷயம். எர்த் போகிற இடங்களிலும் போல்ட் மரைகளிலும் கோட்டிங் ஏறினால் எர்த் கிடைக்காது, அக்காவைத் திரும்பக் கூப்பிடணும். சேசிஸ் நம்பர் பஞ்ச் அடித்த இடத்தை டேப் ஒட்டி மறைக்கச் சொல்லுங்கள். பவுடர் தடிமனாக ஏறினால் நம்பர் மூடிப் போகும்.

அலாய் வீல் வேண்டாம். ஸ்போக் துரு என்றால் ஸ்போக் மாற்றுங்கள். இரண்டு சக்கரமும் 3.25-19 தான், டயர் சுலபமாகக் கிடைக்கும். பிரேக் டிரம்மைத் திறக்கும்போது தூளை வாயால் ஊதாதீர்கள், பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும். ஈரத் துணியால் துடையுங்கள்.

ஆர்டிஓ_அலைச்சல்
நம்பர் விஷயம் வந்ததால் நானும் உள்ளே வருகிறேன். பவுடர் கோட்டிங், பெயின்ட் எல்லாவற்றுக்கும் முன்னால் பேப்பரைப் பாருங்கள். ஆர்.சி. புதுப்பித்தது எந்த வருஷம்வரை இருக்கிறது? 15 வருஷத்துக்குப் பிறகு ஐந்து ஐந்து வருஷமாகத்தான் கொடுப்பார்கள். புதுப்பிக்க ஃபார்ம் 25. வண்டியை நேரில் காட்டணும், சேசிஸ் நம்பரைப் பென்சில் பிரிண்ட் எடுப்பார்கள். எழுத்து ஒன்று தெளிவில்லை என்றாலும் அலைய வேண்டியதுதான்.

2025 ஆகஸ்டிலிருந்து 20 வருஷம் தாண்டிய பைக்குக்குப் புதுப்பிப்புக் கட்டணம் 2,000 ரூபாய். பசுமை வரி தனி. தாமதத்துக்கும் கட்டணம் உண்டு, நீங்கள் விட்ட வருஷங்களுக்குச் சேர்த்துப் பார்த்தால் கொஞ்சம் வலிக்கும். முதலில் பெரியப்பா பேரிலேயே புதுப்பித்துவிட்டு, அப்புறம் 29, 30 ஃபார்ம் போட்டு உங்கள் பேருக்கு மாற்றுங்கள். அவர் கையெழுத்துப் போடுகிற நிலையில் இருக்கும்போதே செய்துவிடுவது நல்லது.

விண்டேஜ் பதிவு என்று யாராவது சொன்னால், 2021-ல் வந்த விதிப்படி அதற்கு 50 வயசு ஆகணும். உங்கள் வண்டிக்கு இன்னும் காலம் இருக்கிறது.

மானாமதுரை350
2014-வரைதான் இருக்கிறது அண்ணா. சரி, பெயின்ட் திட்டம் ரத்து. தங்க நிறக் கோடுகளைக் கிட்டப் போய்ப் பார்த்தேன், அண்ணன் சொன்னது உண்மை. பாலிஷ் மட்டும். டயர், பிரேக் ஷூ, கிளட்ச் கேபிள், பிரீதர் ரப்பர் வாங்க எங்கே போகட்டும்?

திருவொற்றியூரான்
புது உதிரிக்கு ஜெனரல் பாட்டர்ஸ் ரோடு, பழைய அசல் உதிரிக்குப் புதுப்பேட்டை. புதுப்பேட்டையில் கையில் பழைய பாகத்தை வைத்துக்கொண்டு, இதே மாதிரி வேண்டும் என்று மட்டும் கேளுங்கள். மாடல் வருஷம் சொன்னால் ஆளுக்கு ஒன்று எடுத்துத் தருவார்கள், எல்லாம் பொருந்தும் என்பார்கள்.

கருப்பு_டேப்பட்
புது ஷூ போட்டதும் ஊருக்குள் மெதுவாக ஓட்டி டிரம்மோடு பழக விடுங்கள். இந்த வண்டியில் கியர் வலது கால், பிரேக் இடது கால், தெரியும்தானே? வேறு வண்டி ஓட்டிப் பழகின கால் அவசரத்தில் கியரைத்தான் மிதிக்கும். கண்மாய்க் கரை மாதிரி ஆள் இல்லாத இடத்தில் ஓட்டிப் பழகுங்கள். 500 கிலோமீட்டரில் ஆயிலை மாற்றி, துணி ஃபில்டரையும் மாற்றுங்கள். ஃபில்டர் கழற்றும்போது ஸ்ப்ரிங், வாஷர் வரிசையைப் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே வரிசை மாறினால் கிராங்கின் பெரிய எண்டு பேரிங்குக்கு ஆயில் போகாது. பாயிண்ட் வாஷர் மாதிரி சிரித்துவிட்டுப் போகிற விஷயமில்லை அது.

ஆர்டிஓ_அலைச்சல்
ஆய்வுக்குப் போகும் முன் ஹார்ன், பிரேக் லைட், இண்டிகேட்டர் மூன்றும் வேலை செய்கிறதா பாருங்கள். 6 வோல்ட் பல்ப் இரண்டு கூடுதலாக டூல் பாக்ஸில் போட்டுக்கொள்ளுங்கள், அங்கே வரிசையில் நிற்கும்போதுதான் ஃபியூஸ் போகும்.